ஓட்டிசம் உள்ள இளையோரின் ஆசைகளை வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது என்ன வேலை?

கொழும்பில் இருக்கும் சில ஓவியர்கள், சில பெற்றோர், ஓட்டிசம் உள்ள சில இளையோர் சேர்ந்து செய்கிற வேலை. 14 வயதிலிருந்து 25 வயது வரை உள்ளவர்களிடம் என்ன செய்ய ஆசை, எப்படி வாழ ஆசை என்று கேட்கிறோம். அவர்கள் சொன்னதை, எழுதியதை, கையால் காட்டியதைப் படமாக வரைகிறோம். அந்தப் படங்கள் ஏப்ரல் மாதத்தில் சுவரொட்டியாகவும் தபால் அட்டையாகவும் போகும், பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றும். நான் வரைகிறவர்களில் ஒருத்தி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும் எங்களோடு சேர விரும்பும் ஓவியர்களிடமிருந்தும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கீழே வரும் இளையோரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏன் ஆசைகள்? அறிகுறிகளை விளக்கினால்தானே சனத்துக்குப் பயன்?

அறிகுறிகளைச் சொல்லும் சுவரொட்டிகள் தேவைதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்பவில்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை என்றால் டொக்டரிடம் காட்டுங்கள் என்று ஓர் இளம் தாய்க்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சுவரொட்டிகளில் வரும் பிள்ளைக்கு எப்போதும் மூன்று நான்கு வயதுதான். அதே பிள்ளை மீசை முளைத்து, பள்ளிக்கூடம் முடிந்து, காலையில் எழும்பி இன்றைக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பற்றி ஒரு படமும் கிடையாது. ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் தீர்மானம் எடுத்து, 2008இலிருந்து ஏப்ரல் 2ஆம் திகதி உலக ஓட்டிச விழிப்புணர்வு நாளாக இருக்கிறது. அந்த முதல் ஏப்ரலில் தொட்டிலில் கிடந்தவர்கள் இன்று வளர்ந்த ஆட்கள். சுவரொட்டி மட்டும் வளரவில்லை.

இந்தப் படப் பழக்கம் மிகப் பழையது. 1963இல் இங்கிலாந்தில் ஓட்டிசத்துக்கான அமைப்பு ஒன்று தன் சின்னமாகப் புதிர்த் துண்டு ஒன்றை வைத்தது, அதற்குள்ளே ஓர் அழுகிற பிள்ளை. நல்ல மனதோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் அழுகை, புதிர், காணாமற்போன துண்டு என்ற மூன்றும் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டன. அந்த அமைப்பே அதைக் கைவிட்டுவிட்ட பிறகும் நம் ஊர்ப் பதாகைகளில் இன்னும் அதே துண்டுதான். அழுகிற பிள்ளையைப் பார்க்கிறவர் இரக்கப்படுவார், இரக்கப்பட்டுவிட்டு நடந்து போய்விடுவார். தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் ஆமைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை வேண்டும் என்கிற ஓர் 18 வயதுப் பெண்ணின் படத்தைப் பார்க்கிறவருக்கோ ஒரு கேள்வி வரும்: ஏன் முடியாது? அந்தக் கேள்வி வரட்டும் என்றுதான் வரைகிறோம்.

ஓட்டிசம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. வாழ்நாள் முழுக்க இருக்கும். மற்றவர்களோடு பேசிப் பழகும் விதம், ஒலி, வெளிச்சம், தொடுகை, மணம் போன்றவற்றை உணரும் விதம், ஒன்றில் ஆழமாக மூழ்குவது, நாள் ஒரே ஒழுங்கில் போக வேண்டும் என்ற தேவை எல்லாம் இதில் அடங்கும், ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சொல்லும் பேசாதவரும் உண்டு, மூன்று மொழியிலும் மூச்சுவிடாமல் பேசுகிறவரும் உண்டு. வளர்ப்புப் பிழை காரணம் இல்லை. தடுப்பூசியும் காரணம் இல்லை: அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதை விலக்கிக்கொண்டது. கண்ணூறும் செய்வினையும் இல்லவே இல்லை. அரிதான விடயமும் இல்லை. 2009இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு, நகரத்தை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

எப்படிப்பட்ட ஆசை கணக்கில் வரும்? சின்ன ஆசைகளையும் வரைவீர்களா?

பெரிது சின்னது என்று நாங்கள் பிரிப்பதில்லை. தமிழ் வீடுகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். பெரியாளாகி என்னவாகப் போகிறாய் என்று வருகிற மாமா, போகிற சித்தி எல்லோரும் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பார்கள், பிள்ளையும் டொக்டர், எஞ்சினியர் என்று ஏதாவது சொல்லும். ஓட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையிடம் மட்டும் யாரும் அதைக் கேட்பதில்லை. பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, தலைக்கு மேலால் அம்மாவைப் பார்த்து "இப்ப எப்பிடி, கதைக்கிறானோ?" என்று கேட்பார்கள். வருடக்கணக்காக யாரும் கேட்காமல் விட்ட கேள்வியை நாங்கள் போய்க் கேட்கும்போது சிலருக்குப் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதுவும் மிக நுணுக்கமாக.

ஒரு 17 வயதுப் பெண்ணுக்குக் கோட்டை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக வேண்டும். கரையோரப் பாதையின் நிலையங்களை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று மூன்று மொழியிலும், ஒலிபெருக்கியில் வருகிற அதே இழுவையோடு சொல்வார். வீட்டில் அதை ஒரு பழக்கக் கோளாறாகப் பார்த்து நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் வரைந்த படத்தில் அவர் கதவு மூடிய சின்ன அறையில் ஒலிவாங்கியின் முன்னால் இருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே சனக்கூட்டம், உள்ளே அமைதி. மணிக்கூட்டில் எத்தனை மணி என்று அவரே சொன்னார், அது உண்மையான ஒரு ரயிலின் நேரம்.

இன்னோர் இளைஞருக்குச் சூன் பாண் ஓட்டோ ஓட்ட வேண்டும். காலையில் வீட்டு வாசலுக்குப் பாண், பணிஸ் கொண்டுவருகிற அந்த ஓட்டோதான். ஆனால் அதில் போடுகிற பாட்டு அவருக்குக் காதைக் கிழிக்கும். ஆகவே அவருடைய ஓட்டோவில் ஒலிபெருக்கி இல்லை, கூரையில் ஒரு மஞ்சள் கொடி. கொடியைக் கண்டால் சனம் வெளியே வரும் என்று அவர் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். எந்த ஓவியரும் தானாக யோசித்து அந்தக் கொடியை வரைந்திருக்க முடியாது, அதனால்தான் கேட்டுவிட்டு வரை என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இன்னொருவருக்கு வேலை பற்றிய பேச்சே பிடிக்கவில்லை. தனக்கென்று ஓர் அறை, அதற்கு ஒரு திறப்பு, மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றுவது என்பதைத் தானே தீர்மானிப்பது, இவ்வளவுதான். அதையும் முழுப்பக்கப் படமாக வரைந்தோம். 24 வயது ஆளுக்குத் தன் அறைக் கதவைத் தானே பூட்டும் ஆசை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயமான ஆசை.

இதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது என்று கேட்பவர்களுக்கு டொனால்ட் டிரிப்லெட் பற்றிச் சொல்வேன். லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் 11 பிள்ளைகளை விவரித்து எழுதிய கட்டுரையில்தான் ஓட்டிசம் இன்று நாம் அறியும் வடிவில் முதலில் பதிவானது. அதில் முதலாவது பிள்ளை இவர். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர். சிறுவயதில் நிறுவனமொன்றில் விடப்பட்டு, பிறகு பெற்றோர் திரும்ப வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பள்ளிக்கூடம் போனார், பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் பல ஆண்டுகள் வேலை செய்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் போனார். 2023இல் 89 வயதில் இறந்தார். அவர் குடும்பத்திடம் பணம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஊர்ச்சனமும் அவரை அவர் போக்கில் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பணம் தேவைப்படவில்லை.

என் மகன் பேசுவதே இல்லை. அவனிடம் எப்படி ஆசையைக் கேட்பீர்கள்?

பேசாதவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைப்பதில்லை. அவர் ஏற்கெனவே எப்படித் தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறார் என்பதை முதலில் உங்களிடமிருந்து கற்றுக்கொள்வோம். படமட்டையா, டப்லெட்டில் தொட்டால் குரல் வரும் செயலியா, எழுத்தா, கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவதா, எதுவானாலும் சரி. ஆனால் யாராவது அவர் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொடவைத்து வரும் சொற்களை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. அந்த முறையைப் பரிசோதித்த ஆய்வுகளில் சொற்கள் பிடிக்கிறவரிடமிருந்துதான் வருகின்றன என்று தெரியவந்தது. அவரே தனியாகத் தொட்டுக் காட்டுவது வேறு விடயம், அது முழுக்க அவருடைய சொல்.

நடைமுறையில் இப்படி: ஒரே நாளில் கேட்டு முடிப்பதில்லை. படங்கள், சின்னப் பொருட்கள், அவர் போகிற இடங்களின் போட்டோக்கள் என்று கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் இருப்போம். எதை எடுக்கிறார், எதைத் தள்ளிவிடுகிறார், எதைப் பார்த்ததும் கைகளை அசைக்கிறார் என்று பார்ப்போம். வேறொரு நாளில் அதே பொருட்களை வேறு ஒழுங்கில் வைப்போம், ஓரத்தில் இருந்ததால்தான் எடுத்தாரா, உண்மையாகவே விரும்பி எடுத்தாரா என்று தெரிய வேண்டுமே. ஓர் இளைஞர் ஒவ்வொரு முறையும் சலவை செய்து மடித்த துணியின் படத்தையே எடுத்தார். வீட்டிலும் துவாய்களை விளிம்புக்கு விளிம்பு பொருத்தி மடித்து நிறவாரியாக அடுக்குகிறவர். அதைப் பார்த்து லோண்டரி வைக்க ஆசை என்று எழுதிவிடலாம், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே அவர் துணி மடிப்பதையும், அலமாரி நிறைய நிறங்களையும் வரைந்து, கீழே "இந்த வேலை எனக்குப் பிடிக்கும்" என்று மட்டும் போட்டோம். தெரிந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் போடுவதில்லை.

நான் சொல்கிற ஆசையும் என் மகள் சொல்கிற ஆசையும் வேறு. எதை வரைவீர்கள்?

மகள் சொல்வதை.

பெற்றோருக்கு இது கசக்கும் என்று தெரியும். ஏ/எல் எடுத்து வங்கியில் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பிழையும் இல்லை, உங்களுக்குப் பிறகு அவர் எப்படி வாழ்வார் என்கிற பயம் எல்லா நாளும் உங்களோடுதான் படுத்து எழும்புகிறது. அந்தப் பயத்தைப் பற்றி உட்கார்ந்து பேச எங்கள் குழுவில் அதே நிலையில் உள்ள அம்மாக்கள், அப்பாக்கள் இருக்கிறார்கள். ஆனால் படத்தில் இருப்பது அவருடைய முகம், அவருடைய ஆசை. தன்னிடம் கேட்டதற்குப் பிறகும் அம்மா சொன்னதுதான் சுவரொட்டியில் வந்தது என்று கண்டால், அடுத்த முறை ஏன் பதில் சொல்லப் போகிறார்?

நடக்கவே முடியாத ஆசை என்றால்?

வரைவோம். "எனக்கு ரயிலாக ஆசை" என்று ஒரு 15 வயதுப் பையன் சொன்னான். ரயில் ஓட்டுநராகவா என்று திருப்பிக் கேட்டால், இல்லை, ரயிலாக. சரி, கடலோரமாக ஓடும் ரயிலாகவே வரைந்தோம், சன்னல்கள் எல்லாம் திறந்திருக்க. அதை ஓட்டுநர் சீருடையாக மாற்றியிருந்தால் பெரியவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும், அவனுக்கு அது வேறு யாருடையதோ படம். உலகத்தில் எந்தப் பதின்வயதுப் பிள்ளைக்கும் நடக்க முடியாத ஆசை ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அதை வைத்திருக்கும் உரிமை இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

வரையும்போது எதைத் தவிர்க்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்?

ஓவியர்களுக்கு இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். புதிர்த் துண்டு வேண்டாம். கண்ணாடிக் குமிழுக்குள் பிள்ளை, சுவரைப் பார்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருக்கும் பிள்ளை, பாதி முகம் கறுப்பு பாதி முகம் வண்ணம், இவையும் வேண்டாம். ஓட்டிசம் என்றாலே நீலம் என்று பழகிவிட்டதற்காக முழுக்க நீலமாக அடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பல நாடுகளில் ஓட்டிசம் உள்ளவர்கள் தாங்களே தெரிந்தெடுத்த சின்னம் வானவில் நிறத்தில் உள்ள முடிவிலிக் குறி, அதாவது படுத்திருக்கும் 8 போன்ற வடிவம். அதைக்கூட எங்கள் இளையோர் கேட்டால்தான் போடுகிறோம்.

கண்களைப் பற்றி ஒரு விடயம். ஓவியக் கல்லூரியில் நமக்குப் பழக்கியது, முகம் பார்வையாளரைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்று. ஓட்டிசம் உள்ள பலருக்கு நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது கடினம், சிலருக்கு வலியே. அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கும்போது பார்வை கையில் உள்ள வேலையில் இருக்கும். அப்படியே வரையுங்கள். உதடு சிரிக்காமலே ஒரு முகத்தில் சந்தோசத்தைக் கொண்டுவருவது கடினமான வேலை, அதற்குத்தானே ஓவியர் வேண்டும். தோளின் தளர்வு, விரல்கள் பிடித்திருக்கும் விதம், உடல் முன்னால் சாயும் கோணம், இவற்றில் மகிழ்ச்சி தெரியும். கைகளை அடிப்பவர், முன்னும் பின்னும் ஆடுபவர் என்றால் அந்த அசைவையும் கோட்டில் கொண்டுவரலாம், அதை மறைக்க ஒன்றும் இல்லை. காதுக்குச் சத்தம் குறைக்கும் ஹெட்போன் போடுகிறவரைப் போட்டபடியே வரையுங்கள், ஆனால் போடாதவருக்கு அடையாளத்துக்காக மாட்டிவிடாதீர்கள்.

அப்புறம், அந்த ஆசை நிறைவேற என்ன தேவையோ அதையும் படத்துக்குள் வையுங்கள். அறிவிப்பாளருக்கு மூடிய கதவு, பேக்கரியில் வேலை செய்ய விரும்புபவருக்குச் சுவரில் படிப்படியாக ஒட்டிய படப்பட்டியல், மேசையில் எழுத்தில் கொடுத்த வேலைக் குறிப்பு. வேலை கொடுக்கும் முதலாளி ஒருவர் பார்த்தால், ஓ, இவ்வளவு போதுமா என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

நிறம்: எங்கள் படங்களை ஓட்டிசம் உள்ளவர்களும் பார்ப்பார்கள் என்பதால் கண்ணைக் குத்தும் நெருக்கமான வரிகள், மின்னும் அசைவுப் படங்கள் வேண்டாம். பின்னணியைக் குறையுங்கள். அச்சுக்குப் போகிறதென்றால் கொம்பியூட்டர் திரையில் தெரிகிற பளிச்சென்ற பச்சையும் நீலமும் காகிதத்தில் மங்கும், முதலிலேயே அச்சு நிறமுறைக்கு மாற்றிப் பாருங்கள். ஏ3 அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி, சுற்றிவர 3 மில்லிமீட்டர் வெட்டு இடம். போட்டோஷொப் வாங்க வசதி இல்லாவிட்டால் கிரீட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், நன்றாகவே வேலை செய்யும். பென்சிலும் நீர்வர்ணமும் என்றாலும் எங்களுக்குச் சந்தோசம்.

இவர்களுக்கு ஏதாவது அபார திறமை இருக்குமாமே, அதை வரையலாமே?

லண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் வில்ட்ஷயர் ஒரு நகரத்தை ஹெலிகொப்டரில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, நினைவிலிருந்தே கட்டடம் கட்டடமாக வரைபவர். உண்மையிலேயே வியக்க வேண்டிய ஓவியர். ஆனால் ஓட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு திறமை இல்லை, நமக்கு எல்லோருக்கும் இல்லாதது போலத்தான். மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்று ஒரு சுவரொட்டி சொல்லுமானால், துணி மடிக்கிற இளைஞருக்கு அது எந்த இடத்தைக் கொடுக்கிறது?

பிள்ளையே வரைந்தால்?

அதைவிட நல்லது என்ன! அப்படியே போடுவோம். கோடு நேராக இல்லை, விகிதம் சரியில்லை என்று திருத்தக் கூடாது, ஓவியர்கள் இதைத் தயவுசெய்து கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வரைந்தவருக்குத்தான் பதிப்புரிமை, அவர் 15 வயதாக இருந்தாலும். நாங்கள் பயன்படுத்த அனுமதி மட்டும் எழுத்தில் வாங்குகிறோம். வளர்ந்த இளையோர் எங்களுக்காகப் படம் வரைந்தால் மற்ற ஓவியர்களுக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுக்கிறோம். ஊக்கப் பரிசு என்று ஒரு பேனைப் பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை.

பெயரும் முகமும் வெளியே வருமா? மூத்த மகளுக்கு வரன் பார்க்கிறோம்.

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, எல்லாம் பேசி முடித்து வாசல்வரை வந்த பிறகு மெதுவாகக் கேட்பார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். சகோதரங்களின் கலியாணப் பேச்சில் இது வரும் என்கிற பயத்தில் பிள்ளையை விசேசங்களுக்கே கூட்டிப்போகாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்த மனப்போக்கு மாற வேண்டும் என்று உரக்கச் சொல்வேன், ஆனால் அதை மாற்றுகிற சுமையை உங்கள் வீட்டின் தலையில் மட்டும் கட்ட மாட்டேன்.

படம் என்பதால் இதற்கு வழி இருக்கிறது, போட்டோவில் இல்லாத வசதி. முகத்தை மாற்றலாம், தலைமுடி, உடை, வீட்டுச் சுவரின் நிறம் எல்லாம் மாற்றலாம், ஆசையின் விவரங்கள் மட்டும் உண்மையாக இருந்தால் போதும். பெயர் போடுவதில்லை, பள்ளிக்கூடத்தின் பெயரும் சீருடைச் சின்னமும் படத்தில் வரவே வராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பாகப் பாதுகாக்க வேண்டிய வகையில் வைத்திருக்கிறது, நாங்கள் மருத்துவ அறிக்கை எதையும் கேட்பதுமில்லை, வைத்திருப்பதுமில்லை. சில இளையோர் தங்கள் பெயரும் முகமும் வர வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பார்கள். 18 வயது ஆகிவிட்டால் அவர் விருப்பம், குறைந்தவர் என்றால் அவரும் பெற்றோரும் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளின் படங்கள் குறைவாக இருக்கின்றனவே?

பெண் பிள்ளைகளை அடையாளம் காண்பதே குறைவு. கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய ஒரு பெண்ணுக்கு மூன்று நான்கு ஆண்கள் என்று வருகிறது, ஆனால் அதில் ஒரு பகுதி கவனிக்காமல் விட்டதால் வந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அமைதியாக இருக்கிற, மற்றப் பிள்ளைகளைப் பார்த்து அப்படியே செய்யப் பழகிக்கொண்ட பெண்ணை நம் வீடுகளில் நல்ல அடக்கமான பிள்ளை என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவோம். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், நிறையப் பெண்களை வரைய வேண்டும் என்று எனக்குத் தனிப்பட ஆசை.

எழுத்துகள் தமிழில் இருக்குமா?

மூன்று மொழியிலும். தமிழ் கடைசி வரியில் பொடி எழுத்தாக வராது. கொழும்பில் பதாகைகளில் தமிழ் எந்தக் கோலத்தில் வருகிறது என்று நாம் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் சில வேலைக் குறிப்புகள். பாமினியில் தட்டிய எழுத்தை அனுப்ப வேண்டாம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யுனிகோடில் தாருங்கள். பழைய போட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்தமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தமிழ் வாக்கியம் நீளும் என்பதால் படத்தில் இடத்தை முதலிலேயே விட்டு வையுங்கள். இணையத்தில் போடும்போது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி விளக்கம் தமிழில் எழுதுகிறோம், பார்வையில்லாதவர்களின் போன் அதை வாசித்துச் சொல்லும்.

வேலை கொடுக்க யாரும் இல்லாத நாட்டில் இப்படிப் படம் போடுவது பொய் நம்பிக்கை இல்லையா?

கோபத்தோடு இதைக் கேட்கும் பெற்றோர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர்கள். ஆனால் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பிலும் கல்வி நிறுவனச் சேர்க்கையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது, அதன் 27ஆம் உறுப்புரை வேலை செய்யும் உரிமையைப் பற்றியது. இதெல்லாம் இருந்தும் நடக்கவில்லை என்றால், கேட்கிற ஆட்கள் போதாது என்று அர்த்தம். ஓட்டிசம் உள்ளவர்கள் வேலை கேட்பார்கள் என்றே பல முதலாளிகளுக்குத் தோன்றியிருக்காது. சூன் பாண் ஓட்டோவின் படம் ஒரு பேக்கரிச் சுவரில் ஒட்டப்பட்டால், குறைந்தபட்சம் அந்த முதலாளி இனி அப்படிச் சொல்ல முடியாது. படம் வேலை வாங்கித் தராது. வேலை கேட்டுப் போகும் நாளில் கையில் கொண்டுபோக ஒன்றாவது இருக்கும்.

எனக்கு ஓட்டிசம் பற்றி ஒன்றும் தெரியாது, வரைய மட்டும் தெரியும். சேரலாமா?

தாராளமாக. வரைய ஆரம்பிக்கும் முன் அந்த இளைஞரோடு குறைந்தது இரண்டு முறை, அவருக்குப் பழக்கமான இடத்தில், அவருக்கு வசதியான நேரத்தில் இருக்க வேண்டும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வாருங்கள், பிந்தினால் முன்கூட்டியே சொல்லுங்கள், காலி வீதி நெரிசல் அவருக்குக் காரணம் ஆகாது. குழந்தையோடு பேசுவதுபோலப் பேச வேண்டாம், 20 வயது ஆள் என்றால் 20 வயது ஆளோடு பேசுவதுபோல. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர ஒரு நிமிடம் ஆனாலும் இடையில் கேள்வியை மாற்றிக் கேட்டுக் குழப்பாதீர்கள். பென்சில் கோட்டிலேயே ஒருமுறை காட்டி, இது சரியா, எது பிழை என்று கேளுங்கள். ஓட்டிசம் உள்ள பலர் முகத்துக்காகப் பொய் சொல்ல மாட்டார்கள், பிழை என்றால் பிழை என்பார்கள். ஓர் ஓவியருக்கு அப்படி ஒரு கண் கிடைப்பது பெரிய விடயம்.

ஏப்ரல் முடிந்த பிறகு படங்கள் என்ன ஆகும்?

கையால் வரைந்த மூலப் படம் அந்த இளையவரிடமே போகும். கோப்புகள் எங்களிடம் இருக்கும், பள்ளிக்கூடங்களும் வாசிகசாலைகளும் கேட்டால் இலவசமாகத் தருவோம், விற்பனைக்குத் தர மாட்டோம். அடுத்த ஆண்டு அதே ஆளிடம் திரும்பவும் கேட்போம், ஏனென்றால் ஆசை மாறும். ஆமைகள் வேண்டும் என்றவர் இப்போது கணக்கியல் என்கிறார், அதையும் வரைவோம். பழைய படம் வேண்டாம் என்றால் இணையத்திலிருந்து எடுத்துவிடுவோம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, அம்மா அப்பா வந்து கேட்கவும் தேவையில்லை, அவர் சொன்னால் போதும். அச்சிட்டு ஊரெல்லாம் போய்விட்ட தபால் அட்டைகளைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை மட்டும் முதல் சந்திப்பிலேயே, எழுத்திலும் படத்திலும் காட்டிச் சொல்லிவிடுகிறோம்.